ரோடாவுக்கு ஏற்ற துப்பாக்கி

பிப்ரவரி மாதச் சனிக்கிழமைகளில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வேட்டைக்காரர்கள் இல்லை. மான் வேட்டைக்காலம் அதற்குள் முடிந்துபோயிருக்கும். வருகிறவர்கள் பயந்தவர்கள். பக்கத்து வீட்டுக் கதவை உடைத்துவிட்டார்கள் என்பார்கள். விவாகரத்தான கணவன் தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறான் என்பார்கள். ஆளுக்கொரு பயத்தைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் வைப்பார்கள். அதன் அளவுக்கு நான் ஒரு துப்பாக்கியை எடுத்துக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டு இந்த வேலையில் சேர்ந்தபோது, உட்கார்ந்தே நொந்துபோன இடுப்புக்கு விடிவு என்று நினைத்தேன். இப்போது நின்று நின்று முழங்கால் இரண்டும் போய்விட்டன. பேசிப் பேசி இன்னும் என்னவோ ஒன்றும் போய்விட்டது.

அப்படியொரு சனிக்கிழமை காலையில் கார்லண்ட் தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

எங்கள் ஊரான பார்லோ க்ரீக்கில் கார்லண்டைத் தெரியாதவர்கள் கிடையாது. வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரியை ஓட்டுகிறவன். யார் வீட்டில் என்ன சண்டை என்பது பாதிரியாருக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் அக்கா ரோடா ஸ்டாம்பரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆற்றங்கரை முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அன்றைக்கும் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். இளம்பச்சைச் சீருடை, மேலே இறந்துபோன கணவருடைய கோட்டு. நின்றுகொண்டே தூங்கிவிடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"வெர்னா, எங்க அக்காவுக்கு ஒண்ணு எடு. பெருசா இருக்கணும். பாத்தவுடனே அவன் பேண்ட் நனைஞ்சிரணும்" என்றான் கார்லண்ட்.

"எவன்?"

"எவனோ! போன வாரம் இவ வேலைக்குப் போயிருந்தப்போ பின்கதவு வழியா பூந்துட்டான். மரம் அறுக்கிற மெஷினைத் தூக்கிட்டான். முட்டி ஆபரேஷனுக்குக் குடுத்த மாத்திரையெல்லாம் காலி. அம்மாவோட மோதிரம் வேற. போலீஸ் வந்து தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டான்."

நான் ரோடாவைப் பார்த்துக் கேட்டேன். "நீங்க இதுக்கு முன்னாடி சுட்டிருக்கீங்களா?"

"சின்னப் பிள்ளையில ஒருதரம். எங்கப்பா சுடச் சொன்னாரு. அழுதுட்டேன்."

"இப்ப அழமாட்டா" என்றான் கார்லண்ட். பெட்டிக்குள் இருந்த ஒரு பெரிய ரிவால்வரைக் காட்டினான். "அதோ அது. கரடி வந்தாலும் காலி."

"கார்லண்ட், உங்கக்கா வீட்டுக் கொல்லையில எத்தனை கரடி பாத்த?"

ரோடாவின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அசதிக்குள்ளே அவள் விழித்துத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

முதல்முறை வருகிறவர்களுக்கு அன்றைக்கே விற்கக் கூடாது என்று நானாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முதலாளிக்குப் பிடிக்காது. ஆனால் என்னிடம் சுடப் பழகினவர்கள் திரும்பவும் வருகிறார்கள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பார். கடைக்குப் பின்னாலேயே சுடுதளம். வாடகைத் துப்பாக்கிகளில் இரண்டையும் என்னுடையதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். கார்லண்ட் கேட்ட ரிவால்வர், பெண்களுக்கென்று கம்பெனிக்காரன் ஊதா நிறப் பிடி போட்டு அனுப்பியிருந்த குட்டிப் பிஸ்டல் ஒன்று, கடைசியாக, சின்னத் தோட்டா போடுகிற என் பழைய பாயிண்ட் டூ டூ பிஸ்டல். ரோடாவின் காதுகளுக்கு மூடி போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. சுடறதுன்னு நீங்களா முடிவு பண்ற வரைக்கும் விரல் டிரிகருக்கு வெளியதான் இருக்கணும். கை நடுங்கலாம். கண்ணு கலங்கலாம். விரல் மட்டும் வெளிய."

ஊதாப் பிடியைப் பார்த்து, "இது சின்னதா இருக்கே, இதுவே போதுமே" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சின்னதுதான் பழகறதுக்கு மோசம். கனமா இருந்தா, வெடிக்கறப்போ வர்ற உதையில பாதியை அதுவே வாங்கிக்கும். இது மொத்தத்தையும் உங்க கையில குடுத்துரும். எங்க, மேல்பக்கத்தைப் பிடிச்சுப் பின்னாடி இழுங்க பாப்போம்."

அவளால் இழுக்க முடியவில்லை. கிழவர்களைத் தூக்கிக் கட்டிலில் போட்டுப் போட்டு விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. இரண்டு முறை முயன்றாள், வலித்தது, கீழே வைத்துவிட்டாள். ரிவால்வரில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தேன். வெடித்ததும் அவள் தோள் பின்னால் போயிற்று. எதிரே மாட்டியிருந்த குறித் தாளில் தோட்டா படவேயில்லை. துப்பாக்கியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "வேணாம்" என்றாள். தூக்கத்தில் எழுப்பினவர்களிடம் சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

பாயிண்ட் டூ டூவைக் கையில் வைத்ததும் பிடி சரியாக உட்கார்ந்தது. கட்டைவிரலை எங்கே வைப்பது என்று காட்டினேன். கார்லண்ட் போய் மனித உருவம் அச்சடித்த தாளை மாட்டிவிட்டு வந்திருந்தான். கறுப்பாக ஓர் ஆள், தலை, தோள், நெஞ்சு. ரோடா துப்பாக்கியை உயர்த்தினாள். குறி பார்த்தாள். விரல் வெளியிலேயே இருந்தது. வெகுநேரம் அப்படியே நின்றாள்.

"வேற தாள் இருக்கா? வட்டம் போட்டது?"

கார்லண்ட் வெடித்துச் சிரித்தான். "உன் வீட்டுக்குள்ள பூந்தது வட்டமா, ரோடா?"

நான் வட்டத் தாளை மாட்டினேன். அவள் சுட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் இடையே மூச்சை விட்டு, அவசரப்படாமல். தாளைக் கொண்டுவந்து பார்த்தபோது ஓட்டைகளெல்லாம் ஒரு பக்கமாக, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்திருந்தன. இது சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

"எலி சுடப் போறியா?" என்றான் கார்லண்ட். "இதால ஒருத்தனைச் சுட்டா அவனுக்குக் கோபம்தான் வரும். வெர்னா, நைன் எம்.எம். ஏதாவது குடு."

"முதல்ல இதுல பழகட்டும். சத்தத்துக்குப் பயந்து கண்ணை மூடிக்கிட்டுச் சுடறதைவிட, சின்னதுல கண்ணைத் திறந்து சுடறது மேல். அப்பறமா நைன் எம்.எம். எடுத்தாலும் கை கேக்கும்."

"அதுவரைக்கும் திருடன் காத்துக்கிட்டு இருப்பானாக்கும்?"

"நான் சனிக்கிழமை சனிக்கிழமை வர்றேன்" என்று ரோடா முடித்துவிட்டாள். "இப்ப எனக்குத் தூங்கணும், கார்லண்ட்."

அவள் சொன்னபடி வந்தாள். வேலை முடிந்த கையோடு, அதே கோட்டில். நான் நிஜத் தோட்டாக்களோடு மருந்தில்லாத போலித் தோட்டாக்களையும் கலந்து போட்டுக் கொடுப்பேன். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. வெடிக்காத தோட்டா வந்தால் கை தானாகத் துள்ளுவது அப்பட்டமாகத் தெரியும். பயம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று அப்போதுதான் நமக்கே புரியும். ரோடாவின் கை துள்ளுவது வாரத்துக்கு வாரம் குறைந்துவந்தது. பனி உருகிச் சேறாகி, சேறு காய்வதற்குள் அவள் ஒரு வட்டத்தின் நடுவைக் கிழித்தே எடுக்கக் கற்றுக்கொண்டாள்.

"முதியோர் இல்லத்துல மாதிரி இங்க யாரும் பெல்லை அமுக்கிக் கூப்பிட மாட்டாங்க" என்றாள் ஒருநாள். "அதுக்காகவே வரலாம் போல."

அதற்குள் நாங்கள் 'நீ' என்று ஒருமையில் பேசிக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தோம். அன்றைக்குக் கூட்டமில்லை. காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டேன்.

"இனிமே உனக்கு ஒண்ணு எடுத்துக்கலாம், ரோடா. நீ தயாராயிட்ட. எது வேணும்னு நீயே சொல்லு."

அவள் காபியை ஊதிக்கொண்டே இருந்தாள். ஆறின பிறகும் ஊதினாள்.

"அன்னிக்கு வந்தவன் நாய்க்குத் தண்ணி வெச்சுட்டுப் போயிருந்தான், வெர்னா."

எனக்கு உடனே புரியவில்லை.

"எங்க நாய் பிஸ்கட் கிழடு. ஆனாலும் புது ஆள் வந்தா ஊரைக் கூட்டிரும். அன்னிக்கு அதை அடுக்களைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தி, அதோட கிண்ணத்துல தண்ணி ஊத்தி வெச்சிருந்தான். போலீஸ்காரன் வர்றதுக்கு முன்னாடி நான் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்திட்டேன்."

அவளுக்கு ஒரே மகன். கோல்பி. கூரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் கூரையிலிருந்து விழுந்தான். முதுகுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை பழக்கமாயிற்று. மாத்திரையை நிறுத்தினதும் அதைவிடப் பெரியதைத் தேடிப் போனான். எங்கள் ஊரில் இது புதுக்கதை இல்லை. நான் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போன பிள்ளைகளில் எத்தனை பேருடைய சவ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"கார்லண்டுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவனைக் கொன்னே போட்டுருவான். கோல்பி மேல உசுரு அவனுக்கு. அதனாலயே கொன்னுருவான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "இப்ப சொல்லு. எனக்கு எந்தத் துப்பாக்கி சரியா இருக்கும்?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடமிருந்து பதில் எதிர்பார்த்தாள். களைத்துப்போனவர்கள் யாராவது சொன்னால் போதும் என்று கேட்பார்களே, அப்படி.

"எதுவும் சரியா இருக்காது" என்றேன். "நீ அவனைச் சுடமாட்ட. அது எனக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். ஆனா அது பெரிசில்ல. அவன் திரும்ப வருவான். நீ எங்க ஒளிச்சு வெச்சாலும் எடுப்பான். உன் வீட்டுல உனக்குத் தெரியாத மூலைகூட அவனுக்குத் தெரியும். எடுத்துட்டுப் போய் வித்தாக்கூடப் பரவாயில்ல, ரோடா. விக்காம வெச்சுக்கிட்டான்னா?"

அவள் முகம் மாறியது. தான் சுடுவோமா மாட்டோமா என்று மட்டுமே அத்தனை வாரமும் யோசித்திருக்கிறாள். கோல்பி தனியாக ஓர் அறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள் போலிருந்தது.

"பூட்டை மாத்து" என்றேன். "சுடறது பிடிச்சிருந்தா இங்க வந்து சுடு. வீட்டுக்கு வேணாம்."

துப்பாக்கி விற்கிற ஒருத்தி சொல்லக் கூடாத பேச்சு. முதலாளி காதில் விழவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை மத்தியானம் வந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. இரண்டு கையாலும் துணிக்கூடை ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தாள். கூடை நிறைய அழுக்குச் சீருடைகள். கண்ணாடிப் பெட்டியின் மேல் அதை இறக்கிவைத்துவிட்டு, "அடியில இருக்கு. குண்டு போட்டிருக்கு. எனக்கு இதை எப்படிக் காலி பண்றதுன்னு தெரியல" என்றாள்.

துணிகளை விலக்கிப் பார்த்தேன். ஒரு துண்டில் சுற்றி, ரிவால்வர். பிப்ரவரியில் கார்லண்ட் ஆசைப்பட்ட அதே மாதிரி, வேறெங்கோ வாங்கியது. உருளையைத் திறந்து தோட்டாக்களை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டேன். பிறகு முன்கதவுக்குப் போய் 'மூடியுள்ளது' அட்டையைத் திருப்பிவைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்லண்ட் வந்து அதை அவள் கட்டிலுக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "வெர்னா வெர்னான்னு வட்டம் சுட்டுக்கிட்டுத் திரி. இது இங்க இருக்கட்டும்" என்றானாம். திருப்பிக் கொடுக்கலாம், திருப்பிக் கொடுக்கலாம் என்று அவள் தள்ளிப்போட்டிருக்கிறாள். அவனோடு வாதாட உடம்பில் தெம்பில்லை. பூட்டையும் மாற்றவில்லை. கோல்பி வந்து, சாவி சேராமல், வாசலில் நிற்பதை நினைத்தால் பூட்டுக்காரனைக் கூப்பிட மனசு வரவில்லை என்றாள்.

அன்று காலை வேலை முடிந்து வந்து படுத்தவள், சத்தம் கேட்டு விழித்திருக்கிறாள். அடுக்களையில் யாரோ. அரைத் தூக்கம். எழுந்தபோது ரிவால்வர் கையில் இருந்தது. எடுத்ததே நினைவில்லை. பிடி சரியாக இருந்தது, கட்டைவிரல் சரியாக இருந்தது. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே இருந்தது. நடைவழியில் நின்று பார்த்தால் கோல்பியின் முதுகு. அடுப்புப் பக்கம் நின்று, பாத்திரத்திலிருந்து ஆறிப்போன பீன்ஸைக் கரண்டியால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருக்கிறான். சட்டைக்குள் தோள் எலும்பு இரண்டும் கோட்டு மாட்டுகிற கம்பி மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன.

"அவன் திரும்பிப் பாக்கல. நான் அவன் முதுகைக் குறி பாத்துக்கிட்டு நிக்கறேன், வெர்னா. என் புள்ள முதுகை." அவள் தன் வலது கையை விரித்துப் பார்த்தாள். "ஆனா விரல் வெளியதான் இருந்துச்சு. வெளியவே இருந்துச்சு."

முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

அப்படியே பின்னால் நடந்து போய், துப்பாக்கியைத் துண்டில் சுற்றி, துணிக்கூடையின் அடியில் திணித்திருக்கிறாள். பிறகு வேண்டுமென்றே கதவைப் படாரென்று சாத்தி, இருமிக்கொண்டு அடுக்களைக்குப் போயிருக்கிறாள். முட்டை பொரித்துக் கொடுத்தாள். அவன் நான்கு முட்டை தின்றான். காசு கேட்டான். இல்லை என்றாள். பாட்டியின் மோதிரத்தை என்ன செய்தாய் என்று கேட்டாள். அழுதான். அழுகை பாதி நிஜம், பாதி காசுக்கு என்றாள். அதைப் பிரித்துப் பார்க்கிற வேலையை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். சோபாவில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனான். அவன்மேல் போர்வையைப் போட்டுவிட்டு, துணி துவைக்கப் போகிறவள் மாதிரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கார்லண்டைக் கூப்பிடறேன்" என்றேன்.

"கூப்பிடு. எனக்கு இனிமே முடியல."

கார்லண்ட் லாரியோடு வந்தான். கதவைத் திறந்துவிட்டதும் ஆரம்பித்தான். "என்ன, வெர்னா, பட்டப்பகல்ல கடையைச் சாத்திட்டு..." மேசைமேல் ரிவால்வரையும் பக்கத்தில் தோட்டாக்களையும் பார்த்தான். அக்காவின் செருப்பைப் பார்த்தான். "சுட்டுட்டியா?"

"வந்தது கோல்பி" என்றாள் ரோடா. "அன்னிக்கும் அவன்தான். இன்னிக்கும் அவன்தான்."

கார்லண்ட் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு தொப்பியைக் கழற்றினான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கூடையின் மேலேயே வைத்தான்.

"நீ வேலைக்குப் போற ராத்திரியில நான் உன் வீட்டு எதிர்ல வண்டியில உக்காந்திருக்கேன், ரோடா" என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை. "ரெண்டு மூணு வாரமா. மடியில என் துப்பாக்கியை வெச்சுக்கிட்டு. எவன் வந்தாலும் விடறதில்லன்னு. ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்கு ஏன் சொல்லலன்னு இப்பத் தெரியுதா?"

கார்லண்ட் தரையில், பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். பெரிய உடம்பு. முகத்தைப் பொத்திக்கொண்டான். ரோடா அவன் பக்கத்தில் போய் உட்காரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "எழுந்திரு. அவன் முழிச்சுக்கறதுக்குள்ள போகணும். என்னால தனியா அவனை வண்டியில ஏத்த முடியாது" என்றாள்.

இருவரும் போய் அவனை எழுப்பி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். லாரியின் முன்சீட்டில் மூன்று பேரும், கோல்பி நடுவில். வழியெல்லாம் அவன் இருவரையும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறான். இடம் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்களாம் அங்கே. கார்லண்ட் அந்த முன்னறையில் தன் பழைய குரலுக்குத் திரும்பிவிட்டான். பேசிப் பேசியே ஒரு படுக்கைக்கு இடம் பிடித்துவிட்டான் என்று ரோடா சொன்னாள். அவன் வாயால் நடந்த ஒரே நல்ல காரியம் என்று நான் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

அது ஒரேயடியாகத் தீர்ந்துவிடவில்லை. கோல்பி அங்கிருந்து ஓடினான். கோடையில் செப்புக் கம்பி திருடிப் பிடிபட்டான். நீதிமன்றம் சிறையா சிகிச்சையா என்று கேட்டது, சிகிச்சை என்றான். இரண்டாம் முறை கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தான். இப்போது மூன்றாம் முறை. கார்லண்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். அந்த ரிவால்வரை எங்களிடமே விற்றுவிட்டான். அதை நான் ஒரு பண்ணைக்காரருக்கு விற்றேன். ஏன் வேண்டும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை. எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க என்னாலும் முடியாது.

ரோடா பூட்டை மாற்றிவிட்டாள். புதுச்சாவி ஒன்றைக் கார்லண்டிடம் கொடுத்திருக்கிறாள். துப்பாக்கி வாங்கவில்லை. சனிக்கிழமைகளில் வந்து என் பழைய பாயிண்ட் டூ டூவை வாங்கிச் சுட்டுவிட்டு, துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். கோல்பியைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. எப்போதாவது கேட்டால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டே இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவாள்.

"உயிரோட இருக்கான்."